என் ரத்தம் சொன்ன பாதிச் சாட்சி

தம்பி,

நீ நலமாக இருப்பதாகப் போனில் சொன்னாய். அதை நான் முழுசாக நம்பவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டால், கேள்வி முடியுமுன்னே சாப்பிட்டேன் என்று பதில் வருகிறது. அந்த வேகத்திலேயே சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். தெஹியோவிட்டப் பக்கம் இந்தத் தோட்டத்தில் என்னைச் சந்தேகக்காரி என்று முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள். சொல்லட்டும். இறப்பர் பால் நிறுக்கிற இடத்தில் தராசைப் பார்க்காமல், நிறுக்கிறவர் முகத்தைப் பார்த்தே காலம் தள்ளியவள் நான். வேலையை விட்ட பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

இதைப் போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போனில் நீ இடையில் புகுந்து ஒரு கதை சொல்லிவிடுவாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம். ஏதாவது வேண்டுமென்றால் முதலில் ஒரு கதை வரும். மனிதர்கள் எல்லாரும் ஆப்பிரிக்காவில் பிறந்து, அங்கிருந்து நடந்தே உலகம் முழுக்கப் பரவினார்கள் என்று ஒருநாள் நான் சோறு வடிக்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாய். கடைசியில் பார்த்தால் உனக்குப் பள்ளிக்கூடத்துக்குப் புதுச் சப்பாத்து வேண்டியிருந்தது. அன்றிலிருந்து நீ கதை ஆரம்பித்தால் நான் உன் காலைத்தான் பார்ப்பேன். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். இதை ஒளித்து வைத்துப் படிக்க வேண்டியதில்லை. நீ கட்டப்போகிற, றக்வானை ஊர்ப் பிள்ளைக்கும் படிக்கக் கொடு. உன்னோடு அதே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள்தானே, என் எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் எனக்குக் கோபமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போனில், கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போவதாகச் சொன்னாய். எனக்குச் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்தில் ஒரு கேள்வி கேட்டேன்: அந்தப் பிள்ளைக்கு ரத்தம் பார்த்தாயா? நீ சிரித்தபடி, “அதெல்லாம் தேவையில்லம்மா” என்றாய். பிறகு மண்டபம், மேளம் என்று பேச்சை மாற்றினாய். நான் போனை வைத்துவிட்டு அடுப்படியில் அப்படியே நின்றேன். அந்த ஒரு வார்த்தை ஏன் என்னை நிற்க வைத்தது என்று உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். உனக்குப் புரிந்தாலும் நான் முதலிலிருந்துதான் சொல்லப்போகிறேன். ஏனென்றால் உன் கல்யாணத்துக்கு உன் தாய்மாமன் வருவானா மாட்டானா என்பது இதில்தான் இருக்கிறது. அவன் வராமல் உனக்கு யார் தலைப்பாகை கட்டுவது?

மாமாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா? உன் அப்பா போன பிறகு உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவன். மழைக்காலத்தில் ஓடை பெருகினால், வேலைக்குப் பிந்திப்போய்ப் பேச்சு வாங்கினாலும் பரவாயில்லை என்று உன்னை அக்கரையில் இறக்கிவிட்டுத்தான் காலையில் பேர் பதிகிற பிரட்டுக்குப் போவான். உனக்கு மொட்டை அடித்ததும் காது குத்தியதும் அவன் மடியில்தான். நீ வீரிட்டு அழுதபோது உன்னைவிட அவன் கண்தான் அதிகமாகக் கலங்கியது. அவன் என் அண்ணன் என்பதற்காகச் சொல்லவில்லை. அண்ணன் மேலும் எனக்குச் சந்தேகங்கள் உண்டு. அம்மா விட்டுப்போன பித்தளைக் குடம் எங்கே போனது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் உன்மேல் அவன் வைத்திருந்த பிரியத்தை மட்டும் நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

அவன் நர்சரியில் இறப்பர்க் கன்றுக்கு ஒட்டுக் கட்டுகிறவன். நல்ல மரத்தின் கிளையிலிருந்து ஒரு மொட்டை பட்டையோடு சீவி எடுத்து, கன்றின் பட்டைக்குள் செருகி, பொலித்தீன் சுற்றிக் கட்டுவான். நீ பள்ளிக்கூடம் விட்டு நேரே அங்கேதான் போவாய். ஒருநாள் நான் உன்னைத் தேடி வந்தபோது நீ மலையைக் காட்டி, “இந்த மரமெல்லாம் அண்ணன் தம்பியா மாமா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாய். அவன் கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: “அண்ணன் தம்பியெல்லாம் இல்லடா. அம்புட்டும் ஒரே ஆளு.” நீ வாயைப் பிளந்துகொண்டு மலையையே பார்த்தாய். பரம்பரை, மரபணு என்று இன்றைக்கு நீ வகுப்பில் எழுதிப்போடுகிற பாடமெல்லாம் அந்த இடத்தில் ஆரம்பித்தது என்றுதான் நான் நினைக்கிறேன். உன் வாத்தியார்மார் கோபித்துக்கொள்ளட்டும்.

நீ வேலைக்குப் போன புதிதில் அந்த மலை இலை கொட்டியதே, ஞாபகம் இருக்கிறதா? கொட்டுகிற காலமே இல்லை. இலையெல்லாம் வட்ட வட்டமாகப் புள்ளி விழுந்து, பச்சையும் மஞ்சளுமாக வெட்டுப் பாதையை மூடிக் கிடந்தது. மருந்து அடிக்கிறேன் என்று தோட்டத்து நிர்வாகம்தான் ஏதோ செய்துவிட்டது, வேலைநாளைக் குறைக்க இது ஒரு வழி என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். நீ லீவில் வந்து, அது ஒரு பூஞ்சை என்றாய். எல்லாம் ஒரே மரத்தின் ஒட்டு என்பதால் ஒன்றுக்கு ஒத்துக்கொள்ளாதது எதற்கும் ஒத்துக்கொள்ளாது, எல்லாம் சேர்ந்தே படுத்துவிடும் என்று விளக்கினாய். முனியாண்டி கோயிலுக்குப் பின்னால் தானாக விதை விழுந்து முளைத்த மரம் மட்டும் பச்சையாக நின்றது. மாமா அதைப் பார்த்து, “அது எந்த அப்பன் எந்த ஆத்தான்னு தெரியாத மரம். அதான் நிக்குது” என்றான். நீங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். கலப்பு இருந்தால்தான் எந்தக் குலமும் தப்பிப் பிழைக்கும் என்று நீ அன்றைக்குச் சொன்னதை நான் மரத்தைப் பற்றிய பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன். அப்போதே உன் காலைப் பார்த்திருக்க வேண்டும்.

ஏனென்றால் தர்ஷினி உனக்குத்தான் என்று அவள் பிறந்த அன்றைக்கே முடிவாகிவிட்டது. முதல் சர்க்கரைத் தண்ணீரை அவள் நாக்கில் வைத்தது நான். என் அண்ணன் மகள், என் வீட்டு மருமகள். இதில் யாரும் யாரையும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. பெரியப்பா மகள் என்றால் தங்கச்சி, மாமன் மகள் என்றால் கட்டுகிற முறை. முன்னது நம் ரத்தம், பின்னது வேறு ரத்தம். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். நீ ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கும்போது ஒருநாள், ஒரே வீட்டில் குழந்தையிலிருந்து சேர்ந்து வளர்ந்தவர்களுக்குள் அந்த மாதிரி ஆசை வருவதில்லை, அது மனித இனத்துக்கே இயற்கை பழக்கிவிட்ட குணம் என்று ஒரு கதையை அவிழ்த்துவிட்டாய். நான் முடிவு வரை காத்திருந்தேன். அந்தக் கதைக்கு மட்டும் முடிவில் நீ ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நீ என்ன கேட்டாய் என்று இப்போதுதான் புரிகிறது.

பிறகு இரண்டு வருடத்துக்கு முன் நீ வந்து சொன்னாய். உன் பள்ளிக்கூடத்துக்குச் சுகாதாரப் பகுதியிலிருந்து ஆட்கள் வந்து ரத்தம் சோதித்தார்களாம். நீயும் கொடுத்தாயாம். கல்யாணம் பேசி வைத்திருப்பதால் தர்ஷினியையும் அழைத்துப் போய்க் கொடுக்க வைத்தாயாம். இரண்டு பேருக்கும் தலசீமியா என்று ஒன்று ரத்தத்தில் பாதியாக இருக்கிறதாம். பாதியாக இருக்கிறவருக்கு ஒன்றும் ஆகாது, முகம் கொஞ்சம் வெளிறியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் பாதியும் பாதியும் கட்டிக்கொண்டால், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. முழுசாக வந்துவிட்டால் அந்தப் பிள்ளை காலமெல்லாம் ரத்தம் ஏற்றித்தான் வாழ வேண்டும். நீ சொல்லி முடித்ததும், மாமன் மகள் வேறு ரத்தம்தானே, அது எப்படி இரண்டு பேருக்கும் ஒன்றே வரும் என்று கேட்டேன். நீ சொன்னாய்: “மரபணுவுக்கு முறையெல்லாம் தெரியாதும்மா. உங்ககிட்டயும் மாமாகிட்டயும் ஒரே தாத்தா பாட்டியோடது இருக்கு.”

நான் நம்பவில்லை. நீ படிப்பிக்கிற இரத்தினபுரியில் எவளோ இருக்கிறாள், அதற்குத்தான் இவ்வளவு பெரிய கதை என்று நினைத்தேன். நீ போனை எடுத்துக்கொண்டு வெளியே போனால் நான் பெருக்குகிற சாக்கில் விளக்குமாறோடு வாசலுக்குப் போனேன். தலசீமியா நம்மிடம் எப்படி வந்தது என்று கேட்டால் அதற்கு இன்னொரு கதை வைத்திருந்தாய். மலேரியாக் கிருமி ரத்த அணுவுக்குள்தான் வளர்கிறதாம். இந்த மாதிரிப் பாதி ரத்தத்தில் அது சரியாக வளராதாம். அதனால் மலேரியா அடித்த சீமைகளிலெல்லாம் ஆயிரக்கணக்கான வருடமாக இப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் கூடுதலாகப் பிழைத்து, கூடுதலாகப் பிள்ளை பெற்று, இதையும் கையோடு கொடுத்துவிட்டார்களாம். நம் ஆட்கள் கப்பலேறி வரும்போதே இது கூடவே வந்ததாம். கேகாலைப் பக்கம் அந்தக் காலத்து மலேரியாவில் தோட்டத்து வீட்டு வரிசைகளில் லயம் லயமாகச் செத்தபோது நம் பாட்டன் தப்பியதற்குக்கூட இது ஒரு காரணமாக இருக்கலாம் என்றாய். ‘இருக்கலாம்’ என்று நீ சொன்னதை நான் கவனித்தேன். செத்தவர் யாரும் எழுந்து வந்து சாட்சி சொல்ல முடியாத கதை. பிழைத்த பாட்டனுக்கும் ஏன் பிழைத்தோம் என்று தெரியாது. இப்படிப்பட்ட கதையை யார்தான் பொய்யென்று காட்ட முடியும்?

அதனால் உன்னிடம் சொல்லாமல் நானே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்குச் சோதித்தால் உன் பொய் வெளிப்பட்டுவிடும் என்பதுதான் என் எண்ணம். ரத்தம் எடுத்த மிஸ் நான் ஊசியையே முறைப்பதைப் பார்த்து, “பய வென்ன எப்பா அம்மே” என்றாள். பயப்படவில்லை, கோபத்தில் முறைக்கிறேன் என்று நானும் சிங்களத்திலேயே சொன்னேன். முடிவு கேட்க மறுபடி போனபோது பக்கத்து வார்ட்டில் ஒரு சின்னப் பெண்பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து படத்துக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. மற்றக் கையால் யானைக்குப் பச்சை நிறம் பூசினாள். அவளுடைய அம்மா தாளை நகராமல் பிடித்துக்கொண்டிருந்தாள். இருவர் முகத்திலும் அவசரம் இல்லை. அடிக்கடி வந்து பழகியவர்கள் என்று பார்த்தாலே தெரிந்தது.

டொக்டர் அம்மா சொன்னார்: எனக்கு இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைவு என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் காலமெல்லாம் எனக்குக் கொடுத்த மாத்திரை எனக்கு வேண்டாத மாத்திரையாம். என் வெளிறலுக்குக் காரணமே வேறாம். லயத்தில் முகம் வெளுத்த பெண்கள் எல்லாருக்கும் ஒரே மாத்திரையைக் கொடுப்பார்கள். யாருக்கு எதனால் வெளுத்தது என்று யார் பார்த்தார்கள்? அந்த மாத்திரை மேல் எனக்கு அப்போதே சந்தேகம். பாதியை முருங்கை மரத்தடியில்தான் போட்டேன். முருங்கை நன்றாகத்தான் காய்த்தது. இதை டொக்டரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, மறந்துவிடாதே என்று ஒன்று சொன்னார். எனக்கு இருந்தால் என் பிள்ளைக்கும் இருக்கும் என்று அர்த்தமில்லை, பாதிக்குப் பாதிதான். வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம் என்றார். நான் தலையாட்டினேன். ஆனால் என் காதில் விழுந்தது முதல் பாதி மட்டும்தான். எனக்கு இருக்கிறது, அப்படியென்றால் என் மகன் உண்மையைத்தான் சொன்னான். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் உன்னைச் சந்தேகப்பட்டதற்காக அழுதுகொண்டு வந்தேன்.

அந்த அழுகையோடு அப்படியே மாமா வீட்டுக்குப் போனேன். அவனும் என் கூடப்பிறந்தவன்தானே. சந்தேகம் எங்கள் இருவருக்கும் ஒரே இடத்திலிருந்து வந்தது. அதைக் காட்டுகிற மெஷின் எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவன், “படிச்சதும் பொண்ணு கசக்குது. அதச் சொல்லத் தைரியமில்லாம ரத்தத்து மேல பழியப் போடுறான்” என்றான். நீயும் போய்ச் சோதித்துப் பார் என்றேன். என் ரத்தத்தில் எந்தக் கோளாறும் இல்லை, கோளாறு உன் மகன் மனதில்தான் என்றான். அப்போது நான் சொன்னது இதுதான்: “எம்புள்ள பொய் சொல்ல மாட்டான். முனியாண்டி சத்தியமாச் சொல்றேன். என் ரத்தத்தையே பாத்துட்டு வந்து பேசுறேன்.” அவன் எழுந்து கதவருகில் போய் நின்றுகொண்டான். நான் இறங்கி வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து அவன் என்னோடு பேசவில்லை. அவன் இருக்கிற மேட்டு டிவிசனிலிருந்து கடைக்குப் போக என் லயத்து வழிதான் கிட்ட. அவன் பெக்டரி ரோட்டைச் சுற்றிப் போகிறான். கோயில் திருவிழாவில் நான் இந்தப் பக்கம் நின்றால் அவன் அந்தப் பக்கம். எனக்கு டெங்கு வந்து படுத்திருந்தபோது அண்ணி மட்டும் கஞ்சி கொண்டுவந்தாள். ஒருநாள் அவனே பாத்திரத்தைக் கீழ்க்குழாய் வரை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பியதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எனக்கு இந்த உலகத்தில் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான். உன் வார்த்தைக்காக அவனை விட்டேன். எல்லாரையும் சந்தேகப்பட்டவள், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை சந்தேகத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சத்தியம் பண்ணினேன்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வா. உனக்கு அது பாதியாக இருந்தால், கட்டப்போகிற பிள்ளைக்கு ரத்தம் பார்க்கச் சொல்லி முதலில் நிற்க வேண்டியவன் நீ. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வகுப்பில் அதைத்தானே சொல்கிறாய்? உனக்கு இல்லாவிட்டால்தான் அவளுக்குப் பார்க்கத் தேவையில்லை. அந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் நீதான். நீ ‘தேவையில்லை’ என்று சிரித்ததும் டொக்டர் அம்மா சொன்ன இரண்டாவது பாதி அப்படியே என் காதுக்குத் திரும்பி வந்தது. வராமலும் இருக்கலாம்.

மறுநாள் சாயந்தரம் அவிசாவளை பஸ் நிற்கிற இடத்துக்குப் போய்க் காத்திருந்தேன். தர்ஷினி கார்மென்ட் வேலை முடிந்து இறங்கினாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கே எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். என்னை மாமரத்தடிக்கு அழைத்துப் போய், “எனக்கு இருக்கு அத்தை. மச்சானுக்கு இல்ல” என்றாள். பிறகு எல்லாம் வந்தது. “ஒரே தொட்டில்ல கெடந்து வளந்தவங்க நாங்க. கல்யாணம்னா மனசு ஒப்பல. நான் வேணாம்னா அப்பா விட மாட்டாரு. மச்சான் வேணாம்னா ஒறவே அத்துப்போகும். ரத்தம்னு சொன்னா யாரு மேலயும் கொற வராதுன்னு நெனச்சோம்.” அவளுக்கு மட்டும் இருக்கிறது என்று சொன்னால் ரத்தம் கெட்டவள் என்று லயமே அவளைத்தான் பேசும் என்பதால், ‘எனக்கும் இருக்கிறதென்று சொல்லிவிடுவோம்’ என்று சொன்னது நீயாம். அவள் வேண்டாமென்றாளாம். நீ கேட்கவில்லையாம்.

அவளுக்கு அவிசாவளையில் ஒரு பையனைப் பிடித்திருக்கிறது. கூட வேலை செய்கிறவன். முதலில் பேசியதே ரத்தம் பார்க்கத்தானாம், அவனுக்கு இல்லையாம், அதனால் பயமில்லையாம். அதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சிரித்தாள். ஆனால் அப்பாவிடம் வாய் திறக்க முடியவில்லை. மாமா இன்னும் அவளை வேறு யாருக்கும் பேசவில்லை. நீ மனம் மாறி வருவாய், தங்கச்சி மகன் தன் வீட்டைத் தாண்டிப் போகமாட்டான் என்று இருக்கிறானாம். என்னோடு பேசாமல் சுற்றிப் போகிற மனிதன் உனக்காகக் காத்திருக்கிறான்.

எனக்கு உன்மேல் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது. ஒரு பெண்பிள்ளை பேச்சு வாங்காமல் இருக்க உன்மேல் இல்லாத குறையை இழுத்துப் போட்டுக்கொண்டாயே, அதில் எனக்குப் பெருமையும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள். ஆனால் தம்பி, அந்தப் பொய்யை நீங்கள் இரண்டு பேரும் யார் மேலும் விழாமல் பத்திரமாக இறக்கி வைத்ததாக நினைத்தீர்கள். அது அண்ணன் மேல் விழுந்தது. அவன் ஒருவன்தான் அன்றைக்குச் சரியாகச் சொன்னான், அவனைத்தான் நாமெல்லாம் படிக்காதவன், முரடன் என்று ஒதுக்கினோம். உண்மையான ஒன்றை வைத்துப் பொய் சொன்னால் அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆஸ்பத்திரி உண்மை, அந்தப் பச்சை யானைப் பிள்ளை உண்மை, என் ரத்தம் உண்மை. நடுவில் நீ மட்டும் பொய். இனி லயத்தில் யாராவது பெண்ணுக்குக் கல்யாணம் பேசும்போது ரத்தம் பாருங்கள் என்று நான் சொன்னால், இது அந்த வாத்தியார் சொன்ன சாக்குத்தானே என்று கேட்பார்கள். அப்போது பாதிக்கப்படுவது நீயும் நானும் இல்லை.

ஆகவே எனக்கு இனிக் கதை வேண்டாம். றக்வானப் பிள்ளையிடம் இதையெல்லாம் சொல்லியிருக்கிறாயா என்று தெரியாது. சொல்லாவிட்டால் இந்தக் கடிதமே சொல்லிவிட்டது. அவளுக்கும் ரத்தம் பார்த்துவிடுங்கள். உனக்கு இல்லை என்பது உன் வாயாலும் தர்ஷினி வாயாலும் மட்டும்தான் எனக்குத் தெரியும். நானே கண்ணால் பார்க்கும்வரை அதையும் அரைகுறையாகத்தான் எடுத்துக்கொள்வேன். நாளைக்கு உங்களுக்குப் பிறக்கிற பிள்ளைகளிடம் ஏதாவது வேண்டாமென்று சொல்ல நேர்ந்தால் வேண்டாமென்றே சொல்லுங்கள். ஆப்பிரிக்கா வரைக்கும் போய்ச் சுற்றி வர வேண்டாம்.

நேற்று நான் மாமா வீட்டுக்குப் போனேன். வெற்றிலை பாக்குத் தட்டோடுதான் போனேன். முதல் அழைப்பு தாய்மாமனுக்குத்தானே. அவன் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அண்ணிதான் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். தட்டை அவன் பக்கத்தில் வைத்து, உன் மருமகனுக்குக் கல்யாணம், பெண் றக்வானை என்றேன். கத்தி தீட்டுகிற சத்தம் நின்றது. அவன் முகத்தில் இவ்வளவு காலம் காத்திருந்தது உடைந்ததை நான் பார்த்தேன். அதை நீ பார்த்திருக்க வேண்டும். நான் வேறொன்றும் சொல்லவில்லை. தர்ஷினி உள்ளறைக் கதவில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியது உங்கள் இருவருடையது, என்னுடையது இல்லை. அவள் தயார், நீ வந்தால் சேர்ந்து சொல்கிறேன் என்கிறாள். அவளுடைய அவிசாவளைக்காரன் விஷயத்தையும் அன்றைக்கே சொல்லிவிடப் போகிறாளாம்.

மாமா தட்டை எடுக்கவுமில்லை, தள்ளவுமில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “இத வந்து சொல்ல அவனுக்குக் காலில்லையா?” என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை வருவான் என்றேன். அவன் என்னைப் பார்த்தான். தராசுக்காரர் முகத்தை நான் பார்ப்பேனே, அதே பார்வை. “வருவானா?” என்று மறுபடி கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பஸ்ஸில் வா. இறங்கியதும் என் லயத்துக்கு வராதே, நேரே மேட்டு டிவிசனுக்கு ஏறு. தட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. நானும் அங்கே இருப்பேன். வருவாய் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை சத்தியம் பண்ணவில்லை.

அம்மா